காட்டுத்தீக்கு ஒரு மொய் நோட்டு

என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அந்தப் பாவத்துக்காகச் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மொய் மேசையில் என்னைத்தான் பிடித்து உட்கார வைப்பார்கள். தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகிறது. கெட்டிமேளம் காதில் விழும், அவ்வளவுதான். மூன்றாவது பந்திக்குப் போய் உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். ஆனால் யார் யாருக்குச் செய்தார், யார் இன்னும் திருப்பிச் செய்யவில்லை என்கிற கணக்கெல்லாம் என் கை வழியாகப் போனதுதான்.

போன மாசியில் சித்தப்பா மகள் கல்யாணம், கன்னங்குறிச்சியில். பெரிய முகூர்த்த நாள். அதே காலையில் அம்மாபேட்டையில் ஒரு கல்யாணம், ஆத்தூரில் ஒரு கல்யாணம். மூன்றுமே விட முடியாத சொந்தம். வந்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும்கூடப் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்கள். "எழுதிக்க கண்ணு, ஆத்தூர் போயாகணும்" என்று கவரைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். பாதிப் பேர் அடுத்தவர் கையில் கவரைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நோட்டில் பக்கம் பக்கமாகப் பெயர் ஏறியது. பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, பரிமாற வந்த பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து குனிந்து, "பணம் வந்துருச்சுடா, மனுசங்கதான் வரல" என்றார்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. சேர்வராயன் மலைச்சரிவில் தீ என்று ஒரு செய்தி.

நான் வனத்துறைக்காரன் இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தன் மாவட்டத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். காட்டில் தீ தெரிந்தால் குறுஞ்செய்தி வரும். 2004 முதல் அவர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். அந்தச் செய்தி நம் கைக்கு வந்து சேரும் வழியைக் கேட்டால் தலை சுற்றும். முதலில் அமெரிக்காவின் டெர்ரா, அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் பார்த்துச் சொல்லின. அவற்றின் மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர்ச் சதுரம், அதாவது ஏறக்குறைய 247 ஏக்கர். அதற்குள் எங்கே தீ என்று கேட்டால் அதற்குத் தெரியாது. பிறகு வந்த விர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர், சுமார் 35 ஏக்கர். நம் தலைக்கு மேல் அது வருவது மதியம் ஒன்றரை வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை வாக்கிலும். எடுத்த தகவலை நாசா சில மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அதற்கு வழி போட்டுக் கொடுத்தன. எங்கோ ஒரு நாட்டின் வரிப்பணத்தில் பறக்கும் கண், ஏற்காடு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே எரியும் உண்ணிப் புதரைப் பார்த்து, கன்னங்குறிச்சிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்கிறது. காசு கிடையாது. எனக்குத் தெரிந்து மொய் எழுதாமலேயே செய்யப்படும் பெரிய சீர் இது ஒன்றுதான்.

சேலத்துக்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்ணுக்கு வெப்பம்தான் தெரியும், விறகு தெரியாது. காடு எரிந்தாலும் சூடு, வெள்ளைக்கல் சூளை எரிந்தாலும் சூடு, உருக்காலைக் கொப்பரையும் சூடு. காட்டில் இல்லாத புள்ளிகளையும் எந்நேரமும் சுடுகிற இடங்களையும் கழித்துவிட்டுத்தான் செய்தி அனுப்புகிறார்கள். இருந்தாலும் வந்த புள்ளி நிஜமா என்று போய்ப் பார்க்க யாராவது நடந்தாக வேண்டும். அந்த நடையை எந்தச் செயற்கைக்கோளும் செய்து கொடுப்பதில்லை.

வெளியூர் நண்பர்கள் ஏற்காடு என்றதும் பனியையும் படகையும் நினைப்பார்கள். மேலே சரிதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காபித் தோட்டம், சில்வர் ஓக் நிழல், மிளகுக் கொடி, ஈரம். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளின் கீழ்ப் பாதி முழுக்க வறண்ட இலையுதிர் காடு. தை கழிந்தால் மரமெல்லாம் மொட்டை. மூங்கில் காய்ந்து கிடக்கும், புல் வெளுத்துவிடும், இடைவெளியையெல்லாம் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரு பீடித்துண்டு போதும். மாசி, பங்குனி ராத்திரிகளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கு யாரோ செவ்வரளி மாலை போட்டது போல் தீ வளைந்து ஏறும். சின்ன வயதில் அதைச் சாமி விளக்கு என்று அம்மா சொல்லி, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாமி விளக்கு இல்லை என்று தெரிந்தது 1994 ஏப்ரலில். தெரியவைத்தது என் கை.

ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு மலைக்குப் போயிருந்தேன். என் தாய்மாமா நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். கவாத்து முடிந்து குச்சியும், சில்வர் ஓக் சருகும் தோட்டத்தின் கீழ் ஓரத்தில் குவிந்திருந்தன. "சாயந்தரமா ஆளுங்க வந்ததும் எரிச்சுக்கலாம்" என்று மாமா சொல்லியிருந்தார். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மதியம் இரண்டு மணிக்கு நானே தீக்குச்சியைக் கிழித்தேன்.

மலையில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வெயில் பட்டுச் சரிவு சுடும், சுட்ட காற்று ஏறும், நெருப்பு அதன் முதுகில் உட்கார்ந்து போகும். சரிவில் தீயின் நாக்கு மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால் தரையில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் குவியலில் வைத்த நெருப்பு என்னைத் தாண்டி வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தீயின் சத்தம் போலவே இல்லை. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருந்தது.

நான் கத்தவில்லை. தொண்டை வறண்டு நின்றுவிட்டேன். ஆனாலும் பக்கத்து மலையாளிக் கிராமத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். (மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.) புகையைப் பார்த்தே புறப்பட்டிருக்கிறார்கள். வருகிற வழியிலேயே ஆளுக்கொரு பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வந்து ஓரத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்கள். ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். தழையை நெருப்பின் மேல் வைத்து அமுக்கி இழுக்க வேண்டும். ஒரு பெரியவர் மட்டும் தீயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே இருந்த ஒற்றையடிப் பாதைக்கு ஏறிப் போனார். பாதையோரச் சருகைக் காலால் தள்ளிவிட்டு, குனிந்து குனிந்து அவரும் நெருப்பு வைத்தார். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அந்தச் சின்ன நெருப்பு பாதையைத் தாண்டவில்லை. மெல்லக் கீழே இறங்கியது. பெரிய தீ நெருங்க நெருங்க அது காற்றைத் தன் பக்கம் உறிஞ்சும். சின்ன நெருப்பு அந்த இழுப்பில் கீழே ஓடிப் போய் அதோடு முட்டியது. நடுவில் எரிய ஒன்றும் இல்லாமல் இரண்டும் செத்தன. இன்றைக்கு வாச்சர்கள் இதை கவுண்டர் ஃபயர் என்பார்கள், அரசாணைத் தமிழில் எதிர்த்தீ. தெரியாதவன் செய்தால் இரண்டு தீயாகிவிடும்.

எல்லாம் அடங்கியதும் பெரியவர் என்னிடம் வந்தார். திட்டவில்லை. "ஏங்கண்ணு, மத்தியானத்துல யாராச்சும் நெருப்பு வெப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை எடுத்தார். "காசு எதுக்குங்க ரைட்டரே. எங்க பக்கம் புடிச்சா நீங்க வந்தாச் சரி" என்றார்கள். ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து மாமா தன் பாக்கெட் டைரியில் பதிமூன்று பெயர்களை எழுதினார். போலீசுக்குக் கொடுக்கப் போகிறாரோ என்று பயந்து, எதற்கு மாமா என்றேன்.

"மொய்டா மாப்ள."

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காட்டுத்தீக்காக நாடுகள் ஒன்றுக்கொன்று செய்யும் உதவியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, உலகமும் ஒரு பெரிய மொய் நோட்டை வைத்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது.

வடக்கே கோடை என்றால் தெற்கே குளிர்காலம். கலிபோர்னியா எரியும்போது ஆஸ்திரேலியாவில் ஆட்கள் சும்மா இருப்பார்கள், விக்டோரியா எரியும்போது அமெரிக்காவில் சும்மா இருப்பார்கள். ஆகவே ஒப்பந்தம் போட்டு மாறி மாறிப் போனார்கள். 2018 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா போனார்கள். 2019-20 கோடையில் ஆஸ்திரேலியா பற்றி எரிந்தபோது அமெரிக்கர்கள் வந்து செய்முறையைத் திருப்பினார்கள். 2020 ஜனவரி 23 அன்று நியூ சவுத் வேல்ஸில் கூமா அருகே தீயணைப்பு விமானம் ஒன்று விழுந்து அமெரிக்கர் மூவர் இறந்தார்கள். இந்தக் கணக்கை எந்த நோட்டில் எப்படித் திருப்பி எழுதுவது?

மொய்யில் மனக்கசப்பும் உண்டு. 2016இல் கனடாவின் ஃபோர்ட் மெக்மரி எரிந்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரைக் காலி செய்தபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து சுமார் 300 பேர் உதவிக்குப் போனார்கள். எட்மன்டன் விமான நிலையத்தில் அவர்கள் பாடி ஆடிக்கொண்டே இறங்கிய காட்சியை உலகமே பார்த்து நெகிழ்ந்தது. சில நாளில் தெரிந்தது, கையில் கிடைத்த தினப்படி 15 டாலர் என்று. மீதி ஊர் திரும்பிய பிறகுதான். பக்கத்தில் நிற்கும் கனடாக்காரன் ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் வாங்குகிறான். வேலையை நிறுத்தினார்கள், முன்கூட்டியே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பாட்டைக் காட்டிய அளவுக்கு இதை யாரும் காட்டவில்லை. 2023இல் கனடா கூப்பிட்டபோது தென்னாப்பிரிக்கர்கள் மறுபடி போனார்கள். நம் பக்கத்துச் சொந்தங்களில் இத்தனை பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்பது நம் ஊர் வழக்கம். அது அங்கேயும் இருக்கிறது. 2010 டிசம்பரில் இஸ்ரேலின் கார்மல் மலை எரிந்து 44 பேர் இறந்தார்கள். அதே வருடம் காசாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன கப்பலை இஸ்ரேல் தாக்கிய விவகாரத்தில் துருக்கியும் இஸ்ரேலும் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் இருந்தன. துருக்கி இரண்டு விமானங்களை அனுப்பியது. பங்காளிச் சண்டையில் பத்து வருடம் பேசாதவன் எழவு வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவானே, அந்த மாதிரி. பிறகு சண்டை தொடர்ந்தது என்பது வேறு.

கியூபெக் மாகாணத்துத் தண்ணீர் விமானங்கள், நான் மலையைக் கொளுத்திய அதே 1994இலிருந்து, வருடா வருடம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வாடகைக்குப் போகின்றன. கடலைத் தொட்டுக்கொண்டே போய் வயிற்றில் ஆறாயிரம் லிட்டர் அள்ளிக்கொண்டு எழும்பும். 2025 ஜனவரியில் அந்த ஊர் எரிந்தபோது அவற்றில் ஒன்றின் இறக்கையில் எவனோ வேடிக்கை பார்க்கப் பறக்கவிட்ட ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. விமானம் சில நாள் தரையில் நின்றது. மொய் வைக்க வந்தவன் செருப்பைத் திருடுகிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கும் போல.

ஜனவரியில் கலிபோர்னியா எரிந்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே அது குளிர்காலம். அதுதான் இப்போது சிக்கல். வடக்கின் தீக்காலம் இரண்டு பக்கமும் நீள்கிறது, தெற்கினுடையதும் நீள்கிறது, நடுவில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. முன்பு ஒரே விமானம் வடக்கே கோடை முடித்துத் தெற்கே கோடைக்குப் போகும். இப்போது இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். 2023இல் கனடாவில் எரிந்தது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஹெக்டேர். தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடி ஹெக்டேர்தான். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், சிலி, கோஸ்டாரிக்கா, தென் கொரியா என்று பத்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள். அதே வருடம் ஆகஸ்டில் கிரீஸ் எரிந்தது, ஹவாய் எரிந்தது. ஒரே முகூர்த்தத்தில் எல்லா வீட்டிலும் கல்யாணம். மொய்யை எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், மனுசன் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. தீவிரக் காட்டுத்தீ 2030க்குள் 14 சதவீதம், 2050க்குள் 30 சதவீதம், நூற்றாண்டு முடிவில் 50 சதவீதம் கூடும் என்கிறது. என்னை உறுத்தியது அதிலிருந்த பணக்கணக்கு. தீக்காக அரசுகள் செலவழிப்பதில் பாதிக்கு மேல் பிடித்த பிறகு அணைக்கத்தான் போகிறது. முன்கூட்டித் திட்டமிட ஒரு சதவீதம்கூட இல்லை. இதைத் தலைகீழாக்கி, மூன்றில் இரண்டு பங்கை முன்னேற்பாட்டுக்கும் பிற்பாடு சீர்செய்யவும் வையுங்கள் என்று அந்த அறிக்கை கேட்டது.

கேட்பதற்கு மேடைகளுக்குக் குறைவில்லை. 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் பேரிடர் அபாயத்தைக் குறைக்க 2030 வரைக்கும் ஒரு சட்டகம் போட்டார்கள். 2023 மே மாதம் போர்ச்சுகலின் போர்ட்டோவில் காட்டுத்தீ மாநாடு நடந்தபோது உணவு வேளாண் அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தீ மேலாண்மைக்கென்று ஒரு உலக மையத்தைத் தொடங்கின. அதே வருடம் ஜூலையில் ஜி20 நாடுகளின் பேரிடர் குழு நம் சென்னையில் கூடியது. 2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் ஜி7 தலைவர்கள் காட்டுத்தீ சாசனம் ஒன்றை ஏற்றார்கள். இந்தியாவும் அதை ஆமோதித்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் எல்லை தாண்டும் புகைக்காக 2002இலேயே ஒப்பந்தம் போட்டன. புகை அதிகம் கிளம்பும் இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014இல், பத்து நாடுகளில் கடைசியாக. பத்திரிகை அடித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்காரனே மண்டபத்துக்கு வராத கதை.

கிண்டல் செய்கிறேனே தவிர, இந்தக் கூட்டங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் 13 நாள் எரிந்து 16 பேர் செத்தார்கள். உதவிக்கு வந்த துறைகளுக்குள் ஒருவன் சொல்வது இன்னொருவனுக்குப் புரியவில்லை. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம், ஒரே ஆளுக்கு நாலு அதிகாரி. அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் ஒருவருக்கு ஒரே மேலாள், எல்லோருக்கும் ஒரே சொல் என்கிற ஒழுங்குமுறை. அதை நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி 2010இல் வழிகாட்டியாக வெளியிட்டது. கூட்டத்தில் உட்கார்ந்து சொல்லைப் பொதுவாக்காமல் இருந்திருந்தால் கனடாக் காட்டில் கொரியனும் சிலிக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது.

அதே போல 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை குரங்கணியில் மலையேறப் போன சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைத் தீ சூழ்ந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. வரவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்பே மேலே ஏறியவர்கள் அந்த ஊர் மக்கள். போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் எரிந்தபோது சூலூரிலிருந்து ஹெலிகாப்டர் பெரிய வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் கொட்டியது. அந்த வாளி கனடாவில் பிறந்த சரக்கு. டிவியில் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் மேலிருந்து கொட்டும் தண்ணீர் தீயின் வேகத்தைத்தான் குறைக்கும். அடிச்சருகுக்குள் கனன்றுகொண்டிருக்கும் கங்குகளை அணைப்பது கீழே நிற்கும் ஆள்தான்.

என்னைக் கேட்டால் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்ப வேண்டிய பெரிய சரக்கு அறிவு. விமானத்தைப் போல அதற்கு முகூர்த்தச் சிக்கல் கிடையாது. ஒரே நேரத்தில் பத்து வீட்டிலும் இருக்கும். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் பூர்வகுடி மக்கள், மழை முடிந்து புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போதே அங்கங்கே சின்னச் சின்னதாக எரித்து விடுவார்கள். கோடைக் கடைசியில் வரும் பெருந்தீக்கு அந்த எரிந்த திட்டுகளே வேலி. 2006இல் ஒரு எரிவாயு நிறுவனம், இதனால் குறையும் பசுங்குடில் வாயுவுக்குக் கணக்குப் போட்டு அவர்களுக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டது. அந்தப் பூர்வகுடிகளே பிறகு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குப் போய் அங்குள்ள மக்களோடு உட்கார்ந்து பேசிச் செய்து காட்டினார்கள்.

அத்தனை தூரம் எதற்கு? சத்தியமங்கலத்தைத் தாண்டினால் பிலிகிரிரங்கன மலை. அங்குள்ள சோளகர்கள் 'தரகு பெங்கி' என்று ஒன்று வைத்திருந்தார்கள். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் தொட்டுக்கொண்டு போகும் குளிர்ந்த நெருப்பு. சரணாலயமான பிறகு அது குற்றமானது. நெருப்பு நின்றபின் உண்ணிச்செடி காட்டை அடைத்தது, அதற்குப் பிறகு வருகிற தீ மரத்தையே தின்கிற தீ என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களோடு வேலை செய்த ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்கிறார்கள்.

உடனே சேர்வராயன் மலையில் தையிலேயே தீ வைத்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காப்புக் காட்டில் தீ வைப்பது குற்றம், சரியாகத்தான் குற்றம். ஆர்னம் நிலத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருக்கலாம். இங்கே ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே ஒரு காபித் தோட்டம், ஒரு கிராமம், ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் கார். ஆனால் என் நெருப்பைச் சரிவின் தலைமாட்டிலிருந்து அணைத்த அந்தப் பெரியவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கலாம். அவர் இப்போது இல்லை. நானும் கேட்கவில்லை.

மாமா அந்தப் பதிமூன்று பெயருக்கும் மொய்யைத் திருப்பினார். எனக்குத் தெரிந்து இரண்டு முறை அந்த ஊர்ப்பக்கத் தீயில் தழையோடு நின்றிருக்கிறார். ஒரு முறை புருவம் பொசுங்கி வந்தார். நான் சேலத்துக்கு இறங்கிவிட்டேன். என் பெயரில் இன்னும் பாக்கி.

இப்போது அதே ஊர்க்காரர் ஒருவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மாசியிலிருந்து மழை விழும்வரை தீத்தடுப்பு வாச்சர் வேலை, மற்ற மாதம் தோட்டக் கூலி. பெயர் போட வேண்டாம் என்றார். தீ தாண்டாமலிருக்கத் தரையைச் சுத்தமாக்கித் தீக்கோடு வெட்டுவது, வெட்டிய கோட்டில் விழும் சருகை மறுபடி மறுபடி தள்ளுவது, ராத்திரி கோட்டில் நிற்பது. இப்போது சருகு ஊதுகிற மெஷின் வந்திருக்கிறது. முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினால் தோள்பட்டை கழன்றுவிடும் என்று சொன்னார். செண்டாயிலும் போர்ட்டோவிலும் முன்தயாரிப்பு என்று எழுதியது, இங்கே இந்தத் தோள்பட்டைதான்.

அன்றைக்கு மொய் மேசையிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். கெட்டிமேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, வெளியே வந்து பேசினேன். மணி ஏழு இருக்கும்.

"தீன்னு மெசேஜ் வந்திருக்குங்க, உங்க பக்கம்."

"இப்பத்தான் வந்துச்சுங்களா? அது நேத்து சாயந்தரம் ஆறு மணிக்குப் புடிச்சதுங்க. ராத்திரி ரெண்டு மணி வாக்குல அமுக்கிட்டோம். இப்ப எறங்கிட்டு இருக்கோம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயற்கைக்கோள் ஒன்றரைக்குப் பார்த்தது கடைசி அரை மணி நேரத்தை.

"எத்தனை பேருங்க இருந்தீங்க?"

"எட்டுப் பேருங்க. இன்னும் நாலு பேரு வரோணும். இன்னிக்குப் பெரிய முகூர்த்தம் இல்லீங்களா, ராத்திரியே கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. உங்க வீட்லயும் கல்யாணம்னீங்களே, சாப்பாடாச்சுங்களா?"

உள்ளே பந்தியில் இலை போட்டது போட்டபடி இருந்தது. எட்டுப் பேருக்கு இட்லி, பொங்கல், வடை கட்டச் சொன்னேன். விஷயத்தைக் கேட்ட சித்தப்பா, பாயசத்தையும் ஒரு தூக்கில் ஊற்றச் சொன்னார். அடிவாரம் வரை டூவீலரில் போய் நின்றால் அவர்கள் இறங்கிவிடுவார்கள். மொய் நோட்டை மச்சான் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அவன் எழுதிய இரண்டு பக்கத்தை இன்றுவரை எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லை.